‘மேக் இன்ஸ்டால்’ கொடுத்துவிட்டு ஏபிடியைக் குறை சொல்லாதீர்கள்

ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனைக் கணக்குத் தாக்கலுக்கு மாதத்தின் 11ஆம் தேதி கடைசி நாள். மதுரை கீழமாசி வீதியில் உள்ள ஒரு மளிகை மொத்த வியாபாரக் கடையில் 10ஆம் தேதி மாலை பில் போடும் மென்பொருள் திறக்க மறுத்தது. லினக்ஸ் இயங்குதளமான உபுண்டு 22.04 ஓடும் கணினி. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் முனையத்தில் இயக்கியபோது ‘அன்டிஃபைன்ட் சிம்பல்’ என்று ஒரு பிழை, அதன் வாலில் பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் தரவுத்தள நூலகமான எஸ்கியூலைட்டின் பெயர். பொறியியல் படிக்கும் மகன் சில மாதங்களுக்கு முன் எஸ்கியூலைட் மூலநிரலை இறக்கி, கம்பைல் செய்து, ‘சூடோ மேக் இன்ஸ்டால்’ கொடுத்திருக்கிறார். உபுண்டுவும் அதற்கு அடிப்படையான டெபியனும் தங்கள் எஸ்கியூலைட்டில் சேர்த்துத் தரும் ஒரு வசதி அதில் இல்லை. பில் மென்பொருளின் புதிய பதிப்பு அந்த வசதியைத் தேடியது, கிடைக்கவில்லை, நின்றுவிட்டது. தந்தைக்கு ஒன்றும் புரியவில்லை. “நேற்றுத்தான் எல்லா அப்டேட்டும் போட்டேன் தம்பி, பிறகு எப்படி?” என்று கேட்டார்.

சிம்மக்கல் அச்சகமானாலும் திருமங்கலம் பள்ளிக் கணினி அறையானாலும் என் காதில் விழுவது இதே கேள்விதான். எனவே பொறுமையாகச் சொல்கிறேன், தயவுசெய்து ஒருமுறை முழுதாகப் படியுங்கள்.

உபுண்டுவில் மென்பொருள் பேக்கேஜ்களாக வருகிறது. அவற்றைக் கொண்டுவந்து புதுப்பிப்பது ஏபிடி, நிறுவிப் பதிவேட்டில் குறித்து வைப்பது டிபிகேஜி. ‘மேக் இன்ஸ்டால்’ பேக்கேஜ் எதையும் நிறுவுவதில்லை. மென்பொருளை எழுதியவர் சொன்ன இடங்களில் கோப்புகளை நகலெடுத்துப் போடுகிறது, அவ்வளவே. எந்தக் கோப்பு எங்கே போயிற்று என்று டிபிகேஜியின் பதிவேட்டில் ஒரு வரியும் ஏறுவதில்லை. குடும்ப அட்டையில் பெயர் சேர்க்காத ஆள் வீட்டில் சாப்பிட்டு உறங்கினாலும் ரேஷன் கடைக்கு அவர் இல்லாதவர்தான். ஏபிடிக்கு உங்கள் எஸ்கியூலைட்டும் அப்படித்தான். அப்டேட் கொடுத்தால் அதை ஏபிடி தொடாது. நீக்கச் சொன்னாலும் நீக்கத் தெரியாது.

இதைவிட மோசமானது அடுத்தது. இப்படி நகலெடுத்தவை வழக்கமாக ‘யூஎஸ்ஆர்’ அடைவுக்குள் இருக்கும் ‘லோக்கல்’ அடைவில் போய் உட்காருகின்றன. உபுண்டுவில் நிரல்களையும் சரி, நூலகங்களையும் சரி, கணினி முதலில் தேடுவது அங்கேதான். ஆகவே எஸ்கியூலைட்டில் ஒரு பாதுகாப்புக் குறை கண்டுபிடிக்கப்பட்டு, உபுண்டு திருத்தம் வெளியிட்டு, நீங்களும் ஒழுங்காக அப்டேட் கொடுத்து, ‘அனைத்தும் புதியவை’ என்று திரை சொன்னாலும், ஓடுவது மகன் கம்பைல் செய்த பழைய பிரதிதான். திருத்தப்பட்ட நூலகம் பக்கத்து அடைவில் பயன்படாமல் கிடக்கும். ஏபிடி பொய் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்தவற்றைப் பற்றி உண்மையைத்தான் சொல்கிறது.

2024 மார்ச் இறுதியில், கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் நூலகத்தின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில், பிறர் ரகசியமாக நுழையப் பின்வாசல் இருப்பதை ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற நிரலாளர் கண்டறிந்தார். டெபியனின் சோதனைக் கிளைகளில் அது ஏற்கெனவே நுழைந்திருந்தது. டெபியன் உடனே பழைய 5.4.5-ஐ ‘5.6.1+ரியலி5.4.5-1’ என்ற எண்ணில் வெளியிட்டது. எண் பெரியதாக இருந்ததால், அப்டேட் கொடுத்த கணினிகள் தாமாகவே பாதுகாப்பான பதிப்புக்குத் திரும்பின. பதிவேட்டில் பெயர் இருப்பதன் பயன் இது. கையால் நகலெடுத்த நூலகத்தை யாராலும் இப்படித் திரும்பப் பெற முடியாது.

“அதற்குத்தானே செக்இன்ஸ்டால் இருக்கிறது” என்பார்கள் சற்று விவரம் தெரிந்தவர்கள். நல்ல எண்ணத்தில் எழுதப்பட்ட கருவிதான், பல ஆண்டுகள் நானும் பரிந்துரைத்தேன். நிறுவும்போது எழுதப்படும் கோப்புகளை ‘இன்ஸ்டால்வாட்ச்’ என்ற நூலகத்தின் வழியே இடைமறித்துக் குறித்துக்கொண்டு, அதிலிருந்து உபுண்டுவின் பேக்கேஜ் வடிவமான டெப் கோப்பை உருவாக்கும். ஸ்டாட்டிக்காக, அதாவது நூலகங்களைத் தனக்குள்ளேயே அடக்கி, இணைக்கப்பட்ட நிரல் ஒன்று கோப்பை எழுதினால் அது இதன் கண்ணில் படாது. சார்புகளையும், அதாவது ஓடுவதற்குத் தேவையான பிற பேக்கேஜ்களையும், நாம் சொன்னால்தான் எழுதும். வளர்ச்சியும் பல காலமாக மந்தம். அது கைகொடுக்காத இடத்தில் பலர் பழையபடி வெறும் ‘மேக் இன்ஸ்டால்’ பக்கம் திரும்பிவிடுகிறார்கள். அதுதான் என்னை வருத்துகிறது, ஏனென்றால் மாற்று வழிகள் தாராளமாக இருக்கின்றன.

எதையும் கம்பைல் செய்யும் முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். புதிய பதிப்புகளைப் பழைய வெளியீட்டுக்கும் தரும் பேக்போர்ட்ஸில் அந்தப் பதிப்பு இருக்கிறதா? டெபியனின் அடுத்த வெளியீட்டில் இருக்கிறதா? இருந்தால் அவர்களுடைய மூலப் பேக்கேஜையே இறக்கி, ‘பில்ட்-டெப்’ மூலம் தேவையானவற்றை நிறுவி, உங்கள் கணினியிலேயே ‘டெப்பில்ட்’ கொடுத்துக் கட்டுங்கள். சார்புகள், நீக்கும் முறை எல்லாம் அதிலேயே எழுதப்பட்டிருக்கும். ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: பதிப்பு எண்ணின் முடிவில் ஓர் அலைக்குறியும் (~) உங்கள் அடையாளமும் சேருங்கள். அலைக்குறி உள்ள எண்ணை டிபிகேஜி சிறியதாகக் கருதும். அதிகாரபூர்வப் பதிப்பு வரும் நாளில் உங்களுடையது தானே விலகி வழிவிடும்.

டெபியனில் இல்லாத மென்பொருள் என்றால் மேக்கின் ‘டெஸ்ட்டிர்’ வசதியைப் பயன்படுத்துங்கள். ஒரு காலி அடைவைச் சுட்டினால் கோப்புகள் அனைத்தும் அதற்குள் விழும், கணினியில் எதுவும் கலக்காது. அதற்குள் பெயர், பதிப்பு, கட்டமைப்பு, பராமரிப்பவர், சார்புகள், விவரம் கொண்ட ‘கன்ட்ரோல்’ கோப்பை வைத்து ‘டிபிகேஜி-டெப்’ கொடுத்தால் டெப் கோப்பு தயார். இதற்குப் பதிலாக ‘ப்ரீஃபிக்ஸ்’ அமைப்பை மாற்றிவிடாதீர்கள். அது நிரலுக்குள்ளேயே பாதையைப் பொறித்துவிடும், பிறகு நிரல் தன் கோப்புகளைத் தவறான இடத்தில் தேடும். மாணவர்கள் அதிகம் குழம்பும் இடம் இது.

கன்ட்ரோல் கோப்பு எழுதச் சலிப்பாக இருந்தால் ஜோர்டன் சிசல் ரூபியில் எழுதிய எஃப்பிஎம் இருக்கிறது. அந்த அடைவைக் காட்டினால் டெப் வேண்டுமானாலும், ரெட் ஹாட் வகை லினக்ஸின் ஆர்பிஎம் வேண்டுமானாலும், ஒரு கட்டளையில் தரும். ரூபி வேண்டாம் என்பவர்களுக்குக் கோ மொழியில் என்எஃப்பிஎம், ஒரு யாமல் கோப்பு போதும். ஆனால் இவை ஓர் அடைவைப் பேக்கேஜாக்கும்போது சார்புகளைத் தாமாகக் கண்டுபிடிக்காது, நீங்கள்தான் எழுத வேண்டும். ஆர்பிஎம் கோப்பை டெப்பாக மாற்றும் ஏலியனும் உண்டு. முக்கிய நூலகங்களை அதைக் கொண்டு மாற்றாதீர்கள் என்று அதன் கையேடே எச்சரிக்கிறது, கேளுங்கள்.

உங்கள் டெப் கோப்பு வேறொரு பேக்கேஜின் கோப்பின் மீது எழுத முயன்றால் டிபிகேஜி மறுத்து நின்றுவிடும். அது உங்களைக் காப்பாற்றுகிறது. அங்கே ‘ஃபோர்ஸ்-ஓவர்ரைட்’ கொடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. புதிய நூலகம் ஒரே ஒரு நிரலுக்குத்தான் தேவை என்றால் இரண்டையும் ‘ஆப்ட்’ அடைவில் தனியாக வைத்து, அந்த நிரல் மட்டும் அதைப் பார்க்கும்படி செய்யுங்கள். 24.04-இல் கட்டியதை 22.04 கணினிக்கு எடுத்துச் செல்லாதீர்கள். அடிப்படை சி நூலகமான கிளிப்சி அங்கே 2.39, இங்கே 2.35, நிரல் எழாமல் போகலாம். பிபில்டரில் அதே பதிப்புக்கான தனிச் சூழல் அமைத்துக் கட்டுங்கள். நீங்களே கட்டிய டெப் கோப்புக்கு உபுண்டு பாதுகாப்புத் திருத்தம் அனுப்பாது என்பதும் நினைவிருக்கட்டும். அதன் பராமரிப்பாளர் நீங்கள்தான்.

ஏற்கெனவே ‘மேக் இன்ஸ்டால்’ கொடுத்தவர்கள் இன்றே ‘லோக்கல்’ அடைவைத் திறந்து பாருங்கள். மூலநிரல் அடைவு இருந்தால் ‘மேக் அன்இன்ஸ்டால்’ கொடுத்துப் பாருங்கள். அந்த வசதி இல்லாத மென்பொருளானால், அதே பதிப்பை அதே அமைப்புகளுடன் ஒரு காலி அடைவுக்குள் டெஸ்ட்டிர் மூலம் நிறுவுங்கள். அங்கே விழும் கோப்புகளின் பட்டியல்தான் நீங்கள் நீக்க வேண்டிய பட்டியல். அவற்றை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து நீக்கிய பிறகு நூலகங்களின் பட்டியலைப் புதுப்பிக்கும் ‘எல்டிகான்ஃபிக்’ கொடுத்துவிடுங்கள். கீழமாசி வீதிக் கடையின் பில் மென்பொருள் இப்படித்தான் அன்றிரவு திறந்தது, தாக்கலும் மறுநாள் காலையில் முடிந்தது.