ஜன்னல் திறந்துதான் இருந்தது, டாக்டர்

ஒரே வீட்டிலிருந்து நாலு பேர், அதிகாலை மூன்றரை மணிக்கு. நாலு பேருக்கும் தலைவலி, வாந்தி. "ராத்திரி சாப்பாட்டில் ஏதோ கோளாறு, டாக்டர்" என்றார் அப்பா. யாருக்கும் வயிற்றுப்போக்கு இல்லை, காய்ச்சல் இல்லை. பாட்டி மட்டும் ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவே தூங்கி விழுந்துகொண்டிருந்தார். சாப்பாட்டைப் பற்றி நான் கேட்கவில்லை. "வீட்டில் கரண்ட் இருந்ததா?" என்றேன்.

"ரெண்டு நாளா இல்லை. ஜெனரேட்டர் ஓடுது."

"எங்கே வைத்திருக்கிறீர்கள்?"

"பால்கனியில்தான். ஜன்னல் திறந்துதான் இருந்தது, டாக்டர்."

இந்த ஜன்னல் பதிலை இந்த மாதத்தில் மூன்றாவது முறையாகக் கேட்கிறேன். ட்யூட்டி முடிந்தும் தூங்கப் போகாமல் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அதுதான்.

போர் வருமோ, புயல் வருமோ என்ற பேச்சு எழுந்தாலே எல்லோர் கைக்கும் ஒரு பட்டியல் வந்துவிடுகிறது. 2018-இல் ஸ்வீடன் அரசு வீட்டுக்கு வீடு ஒரு கையேடு அனுப்பியது. 2024-இல் அதைப் புதுப்பித்து மறுபடி அனுப்பியது. வெளி உதவி இல்லாமல் ஒரு வாரம் சமாளிக்கப் பாருங்கள் என்பது அதன் சாரம். 2025 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியம் 72 மணி நேரக் கணக்கைச் சொன்னது. நல்ல காரியங்கள்தான். ஆனால் இவை கை மாறி வாட்ஸ்அப்பில் சுற்றும்போது பொருளின் பெயர் மட்டும் மிஞ்சுகிறது. தண்ணீர், டார்ச், ஜெனரேட்டர். ஜெனரேட்டரை எங்கே வைப்பது என்ற வரி வழியில் எங்கோ உதிர்ந்துவிடுகிறது.

போர் என்றதும் குண்டைத்தான் நினைக்கிறோம். 2022 அக்டோபரிலிருந்து உக்ரைனின் மின் நிலையங்கள்மேல் ஏவுகணைகள் விழத் தொடங்கின. குண்டே விழாத ஊர்களும் இருட்டில் குளிர்காலத்தைக் கழித்தன. கரண்ட் போன இடத்துக்குப் பின்னாலேயே ஜெனரேட்டரும் கரி அடுப்பும் மெழுகுவர்த்தியும் வரும். 2020-இல் லாரா சூறாவளி அமெரிக்காவின் லூசியானாவைத் தாக்கியபோது, பொங்கி வந்த கடலைவிட ஜெனரேட்டர் புகைதான் அதிகம் பேரைக் கொண்டுபோனது. காற்று அடங்கி, ஆபத்து போய்விட்டது என்று படுத்தவர்கள் அவர்கள்.

இனி அந்த ஜன்னல். தயவுசெய்து இதை மட்டுமாவது பொறுமையாகப் படியுங்கள். ஜெனரேட்டர் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு இருக்கிறது. அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை. நீங்கள் முகர்ந்தது பெட்ரோல் வாடை. அந்த வாடை அடங்கிவிட்டது என்பதால் இந்த வாயுவும் போய்விட்டது என்று அர்த்தமில்லை. பால்கனியில் எஞ்சின் ஓடும்போது ஜன்னலைத் திறந்து வைத்தால் புகை வெளியே போகாது. வெளியே இருக்கும் புகைக்கு உள்ளே வர வழி கிடைக்கும், அவ்வளவுதான். ஃபேன் போட்டோம் என்பார்கள். ஃபேன் அதை வீடு முழுக்கப் பங்கிட்டுக் கொடுக்கும். கதவைச் சாத்தியிருந்தோம் என்பார்கள். ஒயர் உள்ளே வருவதற்குக் கதவடியில் விட்ட இடைவெளி போதும். போன தடவை ஒன்றும் ஆகவில்லையே என்பார்கள். போன தடவை காற்று வேறு பக்கம் அடித்திருக்கும்.

வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, திறந்த வெளியில், புகைக்குழாய் உங்கள் ஜன்னலையும் பார்க்காமல், பக்கத்து வீட்டு ஜன்னலையும் பார்க்காமல். இதுதான் இடம். மாடி வீட்டில் 6 மீட்டருக்கு எங்கே போவது? போக இடம் இல்லையென்றால் உங்கள் வீட்டுக்கு ஜெனரேட்டர் கிடையாது. பவர் பேங்க், பேட்டரி விளக்கு, இன்வெர்ட்டர், இவற்றோடு நில்லுங்கள். கட்டடத்தில் எல்லோரும் சேர்ந்து கீழே, வெட்டவெளியில் பொதுவாக ஒன்று வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. கரி அடுப்புக்கும் இதே சட்டம்தான். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வாங்கிப் படுக்கையறைப் பக்கம் மாட்டுங்கள். அதன் பேட்டரியைக் கழற்றி டிவி ரிமோட்டில் போடாதீர்கள். சிரிக்காதீர்கள், நடந்திருக்கிறது.

இடையில் ஒன்று. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 98 காட்டுகிறது என்று வீட்டிலேயே படுத்துக்கிடந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ரத்தத்தில் ஏறியிருப்பது ஆக்சிஜனா, இந்த விஷமா என்று அந்தக் கருவிக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி என்றால் எண்ணைப் பார்க்காமல் முதலில் வெளியே வாருங்கள்.

அன்றைக்கு என்னை உலுக்கியது வேறொன்று. அந்த அப்பா ஆக்சிஜன் முகமூடியை ஒரு கையால் விலக்கிக்கொண்டு கேட்டார்: "ஃப்ரிட்ஜ்ல அம்மாவோட இன்சுலின் இருக்கு டாக்டர், கெட்டுப்போயிடுமா?" இரண்டு நாளாக ஜெனரேட்டர் ஓடியது இதற்காகத்தான். பெரும்பாலான இன்சுலின்கள் 30 டிகிரிக்கு மேல் போகாத இடத்தில் ஃப்ரிட்ஜ் இல்லாமலே சுமார் 28 நாள் தாங்கும். உங்களுடையது எத்தனை நாள் என்று பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் போட்டிருக்கிறது. யாரும் படிப்பதில்லை. எங்களில் பலரும் எடுத்துச் சொல்வதில்லை, அது எங்கள் தப்பு. வெயிலில் வைக்காதீர்கள், ஐஸ்மேல் நேரடியாக வைக்காதீர்கள். ஒருமுறை உறைந்துவிட்டால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

மற்றவை சுருக்கமாக. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் தண்ணீர். சந்தேகமான தண்ணீர் என்றால் கொதி வந்த பிறகு ஒரு நிமிடம் முழுதாகக் கொதிக்கட்டும். அன்றாடம் போடும் மாத்திரைகள் ஒரு வாரத்துக்காவது கூடுதலாக இருக்கட்டும். அவற்றின் பெயர், அளவு, போடும் நேரம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிப் பையில் வையுங்கள். போனில் இருக்கிறது என்று சொல்லாதீர்கள், போனில் சார்ஜ் இருக்காது. "சின்னதா, வெள்ளையா ஒரு மாத்திரை" என்றால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது, சின்ன வெள்ளை மாத்திரைகள் ஆயிரம் இருக்கின்றன.

ரத்தம் பீறிட்டால் சுத்தமான துணியை வைத்து உள்ளங்கையால் முழு பலத்தோடு அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று நிமிடத்துக்கு ஒருமுறை தூக்கிப் பார்க்காதீர்கள். காப்பிப் பொடி, மஞ்சள், பற்பசை எதையும் அதில் போடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

ஆம்புலன்ஸ் வர முடியாத நாளில் முதலில் வந்து சேர்வது பக்கத்து வீட்டுக்காரர்தான். உங்கள் மாடியில் ஆக்சிஜன் மெஷினில் இருப்பவர் யார், டயாலிசிஸ் போகிறவர் யார், தனியாகப் படி இறங்க முடியாதவர் யார்? எந்தக் கதவை யார் தட்டுவது என்று இப்போதே பேசிவையுங்கள். பேசுவதற்கு ஒரு மாலைப்பொழுது போதும்.

அந்த நாலு பேரையும் காப்பாற்றியதும் பக்கத்து வீட்டுக்காரர்தான். ஜெனரேட்டர் சத்தத்தில் தூக்கம் வராமல், சண்டை போடுவதற்காகத்தான் கதவைத் தட்டியிருக்கிறார். விடிந்து நான் வெளியே வந்தபோது லுங்கியோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எழுந்து நின்று, "அவங்களைக் கேக்காமலே மெஷினை நிறுத்திட்டேன் டாக்டர், கோச்சுக்குவாங்களா?" என்றார்.