சுகர் செருப்பின் பூர்வீகம்

அப்பாவுக்கு சுகர் வந்து 15 வருடம் ஆகிறது. பாதம் மரத்துப்போகத் தொடங்கியதும் டாக்டர் சீட்டில் எம்.சி.ஆர் செருப்பு என்று எழுதிக் கொடுத்தார். மைக்ரோசெல்லுலர் ரப்பர், அதாவது உள்ளே நுண்ணிய காற்றறைகள் கொண்ட ரப்பர் வைத்த செருப்பு. கடைக்காரர் ஒரு ஜோடியை எடுத்து, உள்பக்க ரப்பரைக் கட்டைவிரலால் அழுத்திக் காட்டினார். பஞ்சு மாதிரி அமுங்கி மெல்ல எழும்பியது. "சுகர்காரங்களுக்குன்னே கண்டுபிடிச்சது சார்" என்றார். கடையில் கூட்டம். நான் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த ரப்பரைப் பாதத்துக்கு மெத்தையாக வைக்கும் வழக்கம் வேலூரிலும், அதை அடுத்த கரிகிரியிலும் 1950களில் வேரூன்றியது. சுகர்காரர்களுக்காக அல்ல, தொழுநோயாளிகளுக்காக.

குஷ்டம் வந்தால் விரல் அழுகி விழும் என்று நம் ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும். மருத்துவர்களும் ஏறக்குறைய அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார்கள். 1946இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த எலும்பு அறுவை மருத்துவர் பால் பிராண்டுக்கு அதில் சந்தேகம் வந்தது. இந்த நோயாளிகளின் கையில் அறுவை சிகிச்சை செய்தால் புண் எல்லோருக்கும் ஆறுவதுபோலவே ஆறியது. சதை அழுகுகிறது என்றால் தையல் எப்படிச் சேரும்?

பிராண்ட் பின்னாளில் திரும்பத் திரும்பச் சொன்ன சம்பவம் ஒன்று உண்டு. துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்க முடியாமல் அவர் திணறியபோது, நோயாளிச் சிறுவன் ஒருவன் வந்து சாவியை வாங்கி ஒரே திருப்பில் திறந்துவிட்டான். அவனுக்கு அசாத்திய பலமோ என்று பார்த்தால், விரலில் எலும்பு தெரியும் அளவுக்கு வெட்டு. அவனுக்கு அது தெரியவே இல்லை. நாம் 'ஆ' என்று விட்டுவிடும் இடத்தைத் தாண்டி அவன் திருப்பியிருக்கிறான், அவ்வளவுதான். ராத்திரி படுக்கும்போது முழுசாக இருந்த விரல் காலையில் குறைந்திருந்த கதையும் உண்டு. கண்விழித்துக் காவல் இருந்து பார்த்தபோது எலி வந்து கடித்தது. கடித்தால் விழிப்பு வர வேண்டுமே, வரவில்லை. அப்புறம் வீடு திரும்பும் நோயாளிகளுக்கு மருத்துவமனையிலிருந்து பூனை கொடுத்து அனுப்பினார்கள்.

ஆக, விரல் கழன்று விழுவதில்லை. சுடு டம்ளர், அடுப்பு, பீடி நெருப்பு, மண்வெட்டிப் பிடி என்று நாள்தோறும் காயப்படுகிறது. காயம் சீழ்பிடித்து எலும்புவரை போகிறது, எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. விரல் குட்டையாகிக்கொண்டே வரும்போது நகம் மட்டும் நுனியில் அப்படியே ஒட்டிக்கொண்டிருப்பதும் உண்டு. அழுகி விழுந்திருந்தால் முதலில் போயிருக்க வேண்டியது நகம்தானே!

பாதத்தின் கதை இன்னும் நுணுக்கமானது. கொஞ்ச தூரம் நடந்தாலே நாம் நம்மை அறியாமல் எடையைக் குதிகாலிலிருந்து ஓரத்துக்கும், ஓரத்திலிருந்து விரலுக்கும் மாற்றிக்கொள்கிறோம். ஒரே இடம் ரொம்ப நேரம் அழுந்தினால் சுள்ளென்று ஒரு சின்ன வலி வரும், நடை தானாக மாறும். வலி இல்லாதவர் முதல் அடியை வைத்த மாதிரியே ஆயிரமாவது அடியையும் வைக்கிறார். அதே இடத்தில் அதே பாரம் விழுந்துகொண்டே இருந்தால், முள்ளும் ஆணியும் குத்தாமலேயே உள்ளங்காலில் குழி விழுந்துவிடும். அந்தப் பாரத்தைப் பாதம் முழுக்கப் பிரித்துக் கொடுப்பதுதான் எம்.சி.ஆர் ரப்பரின் வேலை.

சரி, வலி எப்படிப் போகிறது? நார்வேயின் பெர்கன் நகரில் மருத்துவர் ஆர்மவர் ஹான்சன் 1873இல் கண்டறிந்த தொழுநோய் பாக்டீரியா மகா சோம்பேறி. குடலில் வாழும் சாதாரண பாக்டீரியா 20 நிமிடத்தில் இரண்டாகும்போது இது இரண்டு வாரம் எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் கிருமி உள்ளே போய் நோய் தெரிய சராசரியாக 5 வருடம், சிலருக்கு 20 வருடம்கூட ஆகிறது. கிருமியைக் கண்டுபிடித்து ஒன்றரை நூற்றாண்டு தாண்டியும் ஆய்வகத் தட்டில் அதை வளர்க்க முடிந்ததில்லை.

அதற்குக் குளிர்ச்சியான இடம்தான் பிடிக்கும். காது மடல், மூக்கு, தோல், தோலை ஒட்டி ஓடும் நரம்புகள். கதகதப்பான அக்குளில் அதைக் காண்பது அரிது. நரம்பிழைகளைச் சுற்றி உறைபோல இருக்கும் செல்களுக்குள் அது குடியேறுகிறது. நரம்பைக் கெடுப்பதில் பெரும்பங்கு நம் உடம்பின் எதிர்ப்புச் சக்திக்குத்தான். கிருமியை விரட்டப் போய் நரம்பை வீங்கவைக்கிறது. முழங்கை எங்காவது இடித்தால் சுண்டுவிரல்வரை ஷாக் அடிக்குமே, அந்த நரம்பு எலும்பை ஒட்டிய குறுகலான பள்ளத்தில் ஓடுகிறது. அங்கே வீங்கினால் விரிய இடமில்லை, நசுங்குகிறது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கிப்போவது அதனால்தான்.

இத்தனை செய்யும் கிருமி பரவுவதில் படுமோசம். நூற்றில் 95 பேருக்கு இயல்பாகவே அதை எதிர்க்கும் சக்தி உண்டு. கைகுலுக்கினால், ஒரே பஸ்ஸில் உட்கார்ந்தால் ஒட்டாது. மருந்து சாப்பிடாத ஒருவரோடு நெடுங்காலம் நெருங்கி இருந்தால்தான், மூச்சிலும் தும்மலிலும் வரும் திவலைகள் வழியாகத் தொற்றலாம். கூட்டு மருந்து 1980களிலேயே வந்துவிட்டது. நோயின் அளவைப் பொறுத்து 6 மாதமோ 12 மாதமோ, அதுவும் இலவசம். மாத்திரை தொடங்கிய கொஞ்ச நாளிலேயே பரவும் பேச்சுக்கு இடமில்லை. ஆனால் விவாகரத்துக்குத் தொழுநோயை ஒரு காரணமாக வைத்திருந்த சட்டப்பிரிவு இந்தியாவில் 2019வரை இருந்தது. கிருமியைவிடச் சட்டம் மெதுவாகத்தான் நகர்ந்திருக்கிறது.

இன்னொரு சிக்கல் 'ஒழிப்பு' என்ற சொல். 2005 முடிவில் இந்தியாவில் தொழுநோய் ஒழிந்தது என்று அறிவித்தார்கள். பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்பதுதான் அதன் பொருள். இன்றும் வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் பேருக்குப் புதிதாகக் கண்டறியப்படுகிறது, உலகக் கணக்கில் பாதிக்கும் மேல். பெரும்பாலும் ஒரு தேமலில்தான் தொடங்கும். வெளிறியோ சிவந்தோ இருக்கும், அரிக்காது, வலிக்காது, தொட்டால் உணர்ச்சி இருக்காது. தொந்தரவு தராத தேமலுக்காக யார் டாக்டரிடம் போகிறார்கள்? அப்படியே போகலாம் என்று நினைத்தாலும், பெருவியாதி என்று சொல்லிவிட்டால் மகள் கல்யாணம் என்னாவது என்ற பயம். தள்ளிப்போடுகிறார்கள், அதற்குள் நரம்பு போய்விடுகிறது. மருந்து கிருமியைக் கொன்றுவிடும், செத்த நரம்பை அதனால் எழுப்ப முடியாது. குணமானவரின் மடங்கிய கையைப் பார்த்து ஊர் அவரை ஆயுள் முழுக்க நோயாளி என்கிறது.

எம்.சி.ஆர் செருப்பும் இதில் மாட்டிக்கொண்டது. தொழுநோயாளிகளுக்குக் கொடுத்த செருப்பு ஒரே கறுப்பு நிறம், ஒரே அமைப்பு. தெருவில் பத்தடி தூரத்திலேயே இன்னார் என்று காட்டிக்கொடுத்துவிடும். அதனாலேயே பலர் அதை வீட்டில் விட்டுவிட்டு ஹவாய் செருப்பில் நடந்து காலைப் புண்ணாக்கிக்கொண்டார்கள். சாதாரணச் செருப்பு மாதிரியே தெரியும்படி மாதிரிகளை மாற்ற வேண்டியிருந்தது.

அப்பா வாங்கியது பழுப்பு நிறம். தினமும் அதைப் போட்டுக்கொண்டுதான் வாக்கிங் போகிறார். "சுகர் செருப்பா? எங்க வாங்கினீங்க?" என்று பார்க்கில் இரண்டு பேர் கேட்டார்களாம். பெருமையாகக் கடைக்கு வழி சொல்லியிருக்கிறார்.