பிழை கையிலா, பிஸ்டலிலா?

காசு கொண்டுபோகும் வாகனங்களுக்குக் காவல் போகிறவர்களுக்கு யாழ்ப்பாணத்தில் சுடுபயிற்சி கொடுக்கிறேன். ஒருவரின் பிஸ்டல் சுட்டுக்கொண்டிருக்கும்போதே இறுகி நின்றால், பக்கத்தில் நிற்பவர் உடனே சொல்வது: "தம்பி, உன்ர பிடி சரியில்லை." துவக்கைத் திறந்தே பார்க்காமல் வரும் இந்தத் தீர்ப்பு எனக்குப் பயத்தைத் தருகிறது.

பிடியால் இறுகுவது உண்மைதான். ரவை வெடித்ததும் மேலேயுள்ள ஸ்லைட் பின்னால் ஓடி வெற்றுக் கோதை வெளியே எறிகிறது. ஸ்பிரிங் தள்ள முன்னே வரும்போது ரவைகள் அடுக்கிய கூடான மகசீனிலிருந்து அடுத்த ரவையை ஏற்றுகிறது. இதற்குக் கீழ்ப்பகுதி அசையாமல் நிற்கவேண்டும். மேசை லாச்சியை இழுக்கும்போது மேசையும் கூடவே வந்தால் லாச்சி முழுதாகத் திறக்குமா? மணிக்கட்டு தளர்ந்தால் அதுதான் நடக்கிறது. ஸ்லைட் பாதி வழியில் திரும்பிவிட, கோது வாயிலில் சிக்கி நிமிர்ந்து நிற்கும். கைப்பலம் பெரிய விஷயமில்லை, மணிக்கட்டு மடங்காமல் நேராக நின்றால் போதும்.

ஆனால் கை எவ்வளவு உறுதியாக இருக்கவேண்டும் என்பதைத் தீர்மானிப்பது வடிவமைப்பு. 1911இல் அமெரிக்க இராணுவம் ஏற்ற உருக்குப் பிஸ்டல் வெறுமையாகவே ஏறத்தாழ 1.1 கிலோ. 1982இல் ஒஸ்திரிய இராணுவம் தெரிவுசெய்த குளொக் 17, பிளாஸ்டிக் உடலோடு ஏறத்தாழ 630 கிராம். உடல் இலேசானால் ஸ்லைட்டுக்கு முட்டுக்கொடுக்கும் வேலையில் கூடிய பங்கு கைக்கு வரும். காயப்பட்ட கையாலும், வியர்த்த கையாலும், ஒற்றைக் கையாலும் சுடவேண்டி வரும் ஆயுதம் இது. சரியான பிடிக்கு மட்டுமே வேலைசெய்யும் பிஸ்டலை நல்ல பிஸ்டல் என்று நான் சொல்லமாட்டேன். றிவோல்வரில் இந்தச் சிக்கலே இல்லை. அங்கே ரவைகள் இருக்கும் உருளையைத் திருப்புவது விரலின் இழுப்பு.

ஒரு பெடியனுக்கு ஒவ்வொரு பயிற்சியிலும் இரண்டு மூன்று தடவை இறுகியது. எல்லாரும் கையைக் குறைசொல்ல, அவன் இன்னும் இறுக்கிப் பிடித்தான், கை நடுங்கியது, வேலையை விடப்போகிறேன் என்றான். பக்கவாட்டில் நின்று பார்த்தேன், மணிக்கட்டு நேராகவே இருந்தது. என் பிஸ்டலைக் கொடுத்தேன், ஒருதரமும் நிற்கவில்லை. அவனுடையதை நான் சுட்டேன், இறுகியது. மகசீன்களுக்கு இலக்கம் எழுதினோம். 2ஆம் இலக்கத்தில்தான் ஒவ்வொரு முறையும் வந்தது. சீமெந்துத் தரையில் விழுந்து அதன் வாய் விரிந்திருந்தது. அந்தப் பிள்ளை எத்தனை நாள் தன்னையே நொந்திருப்பான்!

ஆளைப் பழிப்பது புதிதல்ல. வியட்நாமில் எம்16 துப்பாக்கி இறுகியபோது சிப்பாய்கள் துடைப்பதில்லை என்றார்கள். 1967இல் அமெரிக்கக் காங்கிரஸின் விசாரணை, ரவையின் வெடிமருந்தை மாற்றியதைப் பெரிய காரணமாகக் காட்டியது. ரவை அறைக்குத் துருவைத் தடுக்கும் குரோம் பூச்சும் இருக்கவில்லை.

எங்கள் கடற்காற்றையும் மறக்கவேண்டாம். உப்பும் ஈரமும் கோதை இழுக்கும் கொக்கியில் துரு ஏற்றும். எண்ணெய் கூடினால் புழுதி சேர்ந்து களியாகும்.

இனி, தயவுசெய்து கவனியுங்கள். இறுகியதும் பலர் துவக்கைத் தன் பக்கம் திருப்பி உள்ளே பார்க்கிறார்கள். என் கண்ணால் கண்டிருக்கிறேன். விரல் விசையை விட்டு வெளியே வரவேண்டும். குழல்வாய் இலக்கை விட்டு அசையக்கூடாது. பயிற்சித் திடலில் விசையை இழுத்தும் வெடிக்காவிட்டால் 30 வினாடியாவது அப்படியே பிடித்திருங்கள், ரவை பிந்தி வெடிக்கக்கூடும். சத்தம் வழமையைவிட மெலிதாகக் கேட்டால் அடுத்த வெடி வைக்கவே வேண்டாம். குண்டு குழலுக்குள் நிற்கலாம்; அடுத்தது குழலைப் பிளந்துவிடும்.

2ஆம் இலக்க மகசீனின் வாயைக் குறடால் வளைத்துச் சரிக்கட்டலாம் என்று ஒருவர் சொன்னார். நான் விடவில்லை. அன்றே பாவனையிலிருந்து எடுத்துவிட்டோம்.