9கியூஎச்+ என்பது நோயின் பெயர் அல்ல

இரண்டு முறை கரு கலைந்தபின் கேரியோடைப், அதாவது குரோமோசோம்களை எண்ணிப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை எடுக்கிறார்கள். ரிப்போர்ட்டில் "46,எக்ஸ்எக்ஸ்,9கியூஎச்+" என்று வருகிறது. அன்றிரவே கூகுள், மறுநாள் "பொண்ணுக்குக் குரோமோசோம் கோளாறாம்" என்று வீட்டில் பஞ்சாயத்து. போதும் சாமி!

கூட்டல் குறி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். "+21" என்று எண்ணுக்கு முன்னால் நின்றால் முழுக் குரோமோசோம் ஒன்று கூடுதல்; மொத்தம் 47, டவுன் சிண்ட்ரோம். 9கியூஎச்+ போலப் பின்னால் நின்றால் அந்த இடம் கொஞ்சம் நீளம். அவ்வளவுதான். வரியின் தொடக்கத்தில் இயல்பான எண்ணிக்கையான 46 என்றுதானே இருக்கிறது?

எந்த இடம் அது? குரோமோசோமின் இடுப்பு சென்ட்ரோமியர்; அதன் ஒரு பக்கம் குட்டைக் கை (பி), மறுபக்கம் நீளக் கை (கியூ). செல் பிரியும்போது கதிர் இழைகள் பிடித்து இழுப்பது அங்கேதான். 1, 9, 16 ஆகியவற்றில் இடுப்பை ஒட்டி, நீளக் கையின் தொடக்கத்தில் ஹெட்டரோகுரோமாட்டின் (எச்) இருக்கிறது. ஒரே டிஎன்ஏ துண்டு திரும்பத் திரும்ப வரும் பகுதி. வேலை செய்யும் ஜீன் அங்கே அநேகமாகக் கிடையாது. மூக்கின் நீளம் போல ஆளுக்கு ஆள் அது மாறும். அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோ வந்திருக்கும். 21-இன் குட்டைக் கை நுனி நீண்ட 21பிஎஸ்+, ஒய் குரோமோசோமின் நீளக் கை நீண்ட ஒய்கியூஎச்+, 9-இன் ஒரு துண்டு தலைகீழாகத் திரும்பிய, நூறில் ஓரிருவருக்கு இருக்கும் இன்வ்(9) எல்லாம் இதே ரகம். இதற்கு மருந்தும் இல்லை, தேவையும் இல்லை. (லேப் நண்பர்களே, "இது இயல்பான வேறுபாடு" என்று கீழே ஒரு வரி எழுதினால் குறைந்தா போய்விடுவீர்கள்?)

கவலைப்பட வேண்டியவர்களோ கவலைப்படுவதில்லை. "45,எக்ஸ்எக்ஸ்,டெர்(14;21)" வந்தவர், "நான் நல்லாத்தானே இருக்கேன்" என்று காகிதத்தை மடித்துவிடுகிறார். அவர் நலமாக இருப்பது உண்மை. 14, 21 இரண்டின் நீளக் கைகளும் ஒட்டிக்கொண்டு ஒன்றானதால்தான் எண்ணிக்கை 45; குட்டைக் கைகள் தொலைந்திருக்கின்றன. அந்தக் குட்டைக் கைகளில் இருக்கும் ரைபோசோம் ஆர்என்ஏ ஜீன்கள் 13, 14, 15, 21, 22-இல் மீதமுள்ள எட்டுக் குட்டைக் கைகளிலும் உண்டு, அதனால் இழப்பு தெரிவதில்லை. சிக்கல் கருமுட்டை உருவாகும்போது வருகிறது: ஒட்டியதோடு தனி 21-உம் சேர்ந்து போய்விடலாம். தாய்க்கு இது இருந்தால் குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் வரும் வாய்ப்பு நூறில் பத்து முதல் பதினைந்து. தந்தைக்கு இருந்தால் மிகக் குறைவு. ஒட்டியவை இரண்டும் 21 என்றால், உயிரோடு பிறக்கும் குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் அநேகமாக நிச்சயம். அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே மரபியல் ஆலோசகரைப் பாருங்கள். உடன்பிறந்தவர்களுக்கும் சொல்லுங்கள். கர்ப்பமானால் 15 வாரம் முடிந்தபின் பனிக்குட நீர்ப் பரிசோதனை செய்யலாம்.

ரத்தம் எடுப்பவர்களுக்கு: சோடியம் ஹெப்பாரின் உள்ள பச்சை மூடிக் குழாய், 3 முதல் 5 மில்லி. ஊதா மூடி வேண்டாம், அதிலுள்ள ஈடிடிஏ என்ற ரசாயனம் லேபில் செல் வளர்ப்பதைக் கெடுக்கும். எடுத்ததும் மெதுவாகக் கவிழ்த்துக் கலக்குங்கள். கட்டிதட்டிய ரத்தம் உதவாது. ஃப்ரீசரில் வைக்கவே கூடாது. லிம்போசைட்டுகள் என்ற வெள்ளை அணுக்கள் உயிரோடு வந்து, 72 மணி நேரம் வளர்ந்து, பிரிந்தால்தான் குரோமோசோம் கண்ணில் படும். செத்த செல்லில் எதை எண்ணுவது?

வெறும் வயிற்றில் வர வேண்டியதில்லை. கணவரும் வர வேண்டும். மனைவியின் குழாயை மட்டும் அனுப்பிவிட்டு வெளியே பைக்கில் உட்கார்ந்திருக்காதீர்கள் ஐயா, உள்ளே வந்து கையை நீட்டுங்கள்.