ரத்தம் வரும் இடத்தில்தான் பிரஷ் போக வேண்டும்

"இடது பக்கம் தேய்த்தால் ரத்தம் வருகிறது டாக்டர். அதனால் ஒரு வருஷமாக அந்தப் பக்கம் பிரஷ் வைப்பதே இல்லை." நான்கைந்து மாதங்களுக்கு முன் வந்த 48 வயதுக்காரர் சொன்னது இது. வாரத்தில் ஒருவராவது என்னிடம் இதையே சொல்கிறார்.

அவருடைய வலப்பக்க ஈறு இளஞ்சிவப்பாகப் பல்லைக் கவ்விப் பிடித்திருந்தது. இடப்பக்கமோ கருஞ்சிவப்பாக வீங்கி, தொட்டவுடன் ரத்தம் கசிந்தது. மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே இறக்கி அளப்போம். நல்ல ஈறாக இருந்தால் 1 முதல் 3 மில்லிமீட்டருக்குள் நின்றுவிடும். அவருக்குக் கடைவாய்ப் பல்லோரம் 6 வரை இறங்கியது. வலிக்கிறதா என்று கேட்டேன். பெரிதாக இல்லை என்றார். இந்த ஈறு நோயில் நான் அஞ்சுவதே அதற்குத்தான். வலிக்காததால், பல் ஆடத் தொடங்கிய பிறகே பலர் வருகிறார்கள்.

பல்லில் படியும் வழவழப்பான படலம் முழுக்கக் கிருமிகள். அவற்றோடு உடல் போராடுவதால்தான் ஈறு வீங்கி ரத்தம் வருகிறது. 1965-இல் பல் மருத்துவ ஆய்வாளர் ஹரால்ட் லோவும் அவருடைய குழுவினரும் டென்மார்க்கில் 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் சொன்னார்கள். மூன்று வாரத்துக்குள் அத்தனை பேருக்கும் ஈறு அழற்சி வந்தது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் ஈறு தேறியது. இந்தக் கட்டத்தில் பிடித்துவிட்டால் இழப்பு எதுவும் இல்லை. விட்டுவிட்டால் பல்லைத் தாங்கும் எலும்பு கரையும். கரைந்த எலும்பு தானாகத் திரும்பி வராது.

படலம் இறுகிக் காரையாகிவிட்டால் பிரஷ்ஷுக்குப் பெயராது. நாங்கள்தான் எடுக்க வேண்டும். "க்ளீன் செய்தால் பல் ஆடிவிடுமாமே?" என்று அவரும் கேட்டார். எலும்பு முன்பே கரைந்த பற்களைக் காரை ஒன்றோடொன்று பிணைத்து நிறுத்தியிருக்கும். அதை எடுத்ததும் பழைய ஆட்டம் வெளியே தெரிகிறது, அவ்வளவுதான்.

அவருக்கு மூன்று வருஷமாகச் சர்க்கரை நோய். சர்க்கரை ஏறினால் ஈறு கெடும். ஈறு கெட்டால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகும். இதை யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. புகைபிடிப்பவர்களுக்கு இன்னொரு ஆபத்து: நோய் முற்றினாலும் ரத்தம் அதிகம் வராது, எச்சரிக்கையே கிடைக்காது.

காரையை எடுத்த பிறகு, அவர் கையிலேயே மென்மையான பிரஷ்ஷைக் கொடுத்துத் துலக்கச் சொன்னேன். தூரிகை ஈறும் பல்லும் சேரும் கோட்டில் சாய்வாகப் படவேண்டும். அழுத்தாமல் சிறிது சிறிதாக அசைத்தால் போதும். பல்லிடுக்குக்குத் தனிச் சிறு பிரஷ் உண்டு. இரவில் கட்டாயம் துலக்க வேண்டும். முதல் சில நாள் ரத்தம் வரும், அதற்காக நிறுத்திவிடாதீர்கள் என்று இரண்டு முறை சொன்னேன். இரண்டு வாரம் கழித்தும் நிற்காவிட்டால் உடனே வரச் சொன்னேன்.

இரண்டு மாதம் கழித்து அளந்தபோது அந்த 6, 4 ஆகியிருந்தது. பின்பக்கம் ஓரிடத்தில் மட்டும் இன்னும் 5 இருக்கிறது. அடுத்த மாதம் மறுபடி அளக்க வேண்டும்.