மெடிக்கல் அபார்ஷன்: மருத்துவமா, மருந்தா?

கடலூர்ப் பக்கம் 'மெடிக்கல்' என்றாலே மருந்துக்கடைதான். "மெடிக்கல்ல மாத்திரை வாங்கிட்டு வந்துடு" என்போம். அதனால் டாக்டர் 'மெடிக்கல் அபார்ஷன்' என்றதும், கடையில் கேட்டு வாங்கிக்கொள்ளும் சமாச்சாரம் என்று நினைப்பவர்கள் உண்டு. டாக்டர் சொல்வது அறுவை இல்லாமல், மருந்தால் கலைப்பதை. கருக்கலைப்புச் சட்டத்தின் பெயரிலும் இதே 'மெடிக்கல்' உண்டு. 1971-ல் வந்த எம்.டி.பி. (மெடிக்கல் டெர்மினேஷன் ஆஃப் பிரெக்னன்சி) சட்டத்தில் அதற்கு மருத்துவ முறைப்படி என்று பொருள். மாத்திரை, அறுவை இரண்டும் அதில் அடக்கம்.

இந்தக் குழப்பம் ஆபத்தானது. திருத்தப்பட்ட சட்டம் சில வகைப் பெண்களுக்கு, இரண்டு மருத்துவர்களின் கருத்தோடு, 24 வாரம் வரை கலைக்க அனுமதிக்கிறது. இது மாத்திரைக்கும் பொருந்தும் என்று எண்ணிவிடக் கூடாது. மருத்துவர் தம் கிளினிக்கிலேயே மாத்திரை எழுதித்தரும் வரம்பு 2003 விதிகளில் 7 வாரம். 2021 திருத்தத்தில் 9 வாரம். கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து கணக்கு. பாண்டிக்குப் போனால் சரக்கு விலை மாறும், இந்தச் சட்டம் மாறாது.

'அபார்ஷன்' லத்தீன் வழி வந்தது. 'ஒரிரி' என்றால் எழுதல், தோன்றுதல். கிழக்கைக் குறிக்கும் 'ஓரியன்ட்' அதன் உறவு. முன்னால் 'அப்' சேர்ந்தால் தோன்றாமலே மறைதல். தானாக நேர்வதையும் செய்வதையும் அது பிரிப்பதில்லை. நம் பேச்சு பிரித்துவிடும்: "கலைஞ்சு போச்சு" வேறு, "கலைச்சுட்டாங்க" வேறு. எழுத்தில் முன்னது கருச்சிதைவு, பின்னது கருக்கலைப்பு. சில செய்திகளில் இரண்டையும் மாற்றி எழுதுகிறார்கள். குழந்தையை இழந்து நிற்பவளைக் கலைத்தவளாக்கிவிடும் எழுத்து அது. கலைத்தல் இன்றும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 88-ஆம் பிரிவில் குற்றம். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 312-ஆம் பிரிவின் வாரிசு. எம்.டி.பி. சட்டம் அதற்கு விலக்கு.

டாக்டர் எழுதித்தரும் கருக்கலைப்பு அட்டையில் ஐந்து மாத்திரை. மிஃபெப்ரிஸ்டோன் 200 மி.கி. ஒன்று, கருவைத் தாங்கும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோனை அது தடுக்கும். ஓரிரு நாள் கழித்து மிசோப்ரோஸ்டால் 200 மைக்ரோகிராம் நான்கு. அவை கருப்பையைச் சுருங்கவைக்கும். முதல் மாத்திரையின் பழைய பெயர் ஆர்.யூ.-486, ஆர்.யூ. என்பது ரூசெல் உக்லாஃப் என்ற பிரெஞ்சு நிறுவனம். அந்த பிரான்ஸே கருக்கலைப்பை அனுமதித்தது 1975-ல்தான், நமக்கு நான்கு ஆண்டு கழித்து.

டாக்டர் சீட்டு இல்லாமல் இதை விற்கக் கூடாது. கரு, கருப்பைக்கு வெளியே கருக்குழாயில் தங்கியிருந்தால் இந்த மாத்திரை கலைக்காது; குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. 18 வயது நிரம்பியவருக்குத் தன் ஒப்புதல் போதும்; கணவர் கையெழுத்துச் சட்டத்தில் இல்லை.

தமிழில் என்ன எழுதலாம்? சட்டத்துக்கு 'மருத்துவமுறைக் கருக்கலைப்பு', மாத்திரையால் செய்வதற்கு 'மருந்துவழிக் கருக்கலைப்பு'. 'கருத்தடை மாத்திரை' என்று எழுதிவிட வேண்டாம். அது கரு உண்டாகாமல் தடுப்பது. உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் போடும் மாத்திரையும் அந்த வகைதான்.