வாய்க்கால் நிறைகிறது, கடைமடை காய்கிறது

காவிரிப் படுகையின் பாசன வாய்க்கால்களில் பல ஆண்டுகள் பொறியாளராக இருந்தவன் நான். வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கும் மேட்டூர் அணை திறந்த சில வாரங்களில் ஆண்டு தவறாமல் வரும் புகார் ஒன்று உண்டு: "தலைமடையில் தண்ணீர் கரை தட்டி நிற்கிறது ஐயா, எங்கள் வயலில் ஈரம்கூட இல்லை." கேட்டவுடன் மேலே யாரோ தண்ணீரைத் திருடுவதாகத்தான் தோன்றும். சில நேரம் அதுவும் உண்மைதான். பெரும்பாலும் குற்றவாளி வாய்க்காலின் உள்ளேயே வேர்விட்டு நிற்கும்.

ஒருமுறை புகார் கொடுத்தவர்களையே அழைத்துக்கொண்டு கரைமேல் நடந்தேன். வாய்க்காலையும் மதகுகளையும் கவனிக்கும் ஊழியரான லஸ்கர் ஒரு தென்னைமட்டைத் துண்டை நீரில் போட்டார். தூர்வாரிய பகுதியில் 30 மீட்டர் போக 50 விநாடி ஆனது. நெய்வேலிக் காட்டாமணக்கு மண்டிய பகுதியில் அதே தூரத்துக்குச் செடிகளில் சிக்கிச் சிக்கி 95 விநாடி. ஆழமோ முன்னதில் 60 சென்டிமீட்டர், பின்னதில் ஒரு மீட்டருக்கு மேல். ஓடிய தண்ணீரின் அளவு ஒன்றுதான். வேகம் குறைந்ததால் அது உயர்ந்து நின்றது. நிறைந்த வாய்க்காலைப் பார்த்து மகிழ்ந்த கண் ஏமாந்தது.

தரையும் கரையும் செடியும் தண்ணீரைப் பிடித்து இழுக்கின்றன. இந்த இழுவையைக் கணக்கில் கொண்டுவர, 1889-இல் அயர்லாந்துப் பொறியாளர் ராபர்ட் மானிங் முன்வைத்த சூத்திரத்தையே இன்றும் பயன்படுத்துகிறோம். அதில் சொரசொரப்புக்கு ஓர் எண் உண்டு. வழவழப்பான கான்கிரீட்டுக்கு ஏறத்தாழ 0.013, சுத்தமான மண் வாய்க்காலுக்கு 0.025, செடி அடர்ந்து கிடந்தால் 0.08 வரைகூடப் போகும். எண் இரட்டித்தால் அதே ஆழத்தில் ஓடும் வேகம் பாதியாகிவிடும். அதே அளவு தண்ணீரை அனுப்ப வேண்டுமென்றால் ஆழம் ஒன்றரை மடங்காக வேண்டும். அந்த அளவுக்குக் கரையில் உயரம் இருக்காது. எனவே தலைமதகில் ஷட்டரைத் தாழ்த்துகிறோம். நீர்மட்டம் உயர்ந்திருப்பதால் மேல் மதகுகள் தங்கள் பங்குக்கு மேல் இழுத்துக்கொள்கின்றன, கரையும் கசிகிறது. மிச்சம்தான் கடைமடைக்கு.

ஆகாயத்தாமரையின் குணம் வேறு. அது மிதக்கிறது, அடியில் வழி இருக்கிறதே என்று பலர் நினைக்கிறார்கள். வெறும் நீர்ப்பரப்பின்மேல் காற்று மட்டும் இருந்தால் அங்கே உராய்வு மிகக் குறைவு. வேர்க்கற்றைகள் தொங்கும் பச்சைப் பாய் மூடிவிட்டால் மேலேயும் ஒரு கரடுமுரடான தரை வந்துவிடுகிறது. தண்ணீர் மேலும் கீழும் தேய்த்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. வெள்ளம் வந்தால் அந்தப் பாய் கிளம்பிப் போய்ப் பாலத்தின் கண்களை அடைக்கும்.

பாலத்தூண் தானே பெரிய தடையல்ல. ஆனால் அதன் முகத்தில் மோதும் நீர் கீழ்நோக்கி இறங்கி, குதிரை லாடம் போலத் தூணைச் சுற்றிச் சுழன்று, அடிமணலைத் தோண்டும். குப்பையும் மரக்கிளையும் சேர்ந்து தூணின் அகலம் கூடினால் பள்ளமும் ஆழமாகும். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் திருச்சி கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்ததைப் பலரும் நேரில் பார்த்தார்கள். வெள்ளம் வடிந்த பிறகும் தூணடிப் பள்ளங்கள் நீருக்குள் மறைந்திருக்கும். முழங்கால் அளவு என்று நம்பி இறங்கிய இடத்துக்கு இரண்டடி தள்ளி ஆளை மூழ்கடிக்கும் ஆழம் இருக்கலாம். பிள்ளைகளைத் தூணருகே குளிக்க விடாதீர்கள்.

சொரசொரப்புதான் சிக்கல் என்றால் எல்லா வாய்க்காலுக்கும் கான்கிரீட் போட்டுவிடலாமே என்பார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. தளம் முடியும் இடத்தில் வேகமாக வரும் நீர் மண்ணை அரிக்கும். நிலத்தடிக்கு இறங்கும் நீரும் குறையும். அணைக்கட்டுகளுக்குக் கீழே நாங்களே கான்கிரீட் கட்டைகளை வரிசையாக நட்டு, நீரின் வேகத்தை வேண்டுமென்றே உடைக்கிறோம்.

நாங்கள் நடந்து பார்த்த அந்த வாய்க்காலில் காட்டாமணக்கை அன்று வெட்டினார்கள். வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்துங்கள் என்று சொல்லியிருந்தேன். கூலிக்கணக்கில் அது அடங்கவில்லை. அரிந்த தண்டுகளைக் கரைச்சரிவிலேயே போட்டுவிட்டார்கள். ஐப்பசி மழையில் ஒவ்வொரு துண்டும் வேர்பிடித்திருந்தது.